கொஸ்ட்கோவுக்குப் போகும் முன் வீட்டைக் கணக்கெடுங்கள்: ரொறொன்ரோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரொறொன்ரோவில் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே உறவினர் ஒருவர் உங்களைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு, ஸ்காபரோவின் வோர்டன் அவெனியூவிலோ மார்க்கம் நகரின் கேர்க்கம் டிரைவிலோ இருக்கும், பொருள்களைப் பெரிய பொதிகளாக விற்கும் கொஸ்ட்கோ கடைக்குக் கூட்டிச் செல்வார். அன்பினால் செய்கிற காரியம் அது. ஆனால் அவர் நான்கு படுக்கையறையும் தனி உறைபெட்டியும் உள்ள வீட்டில் ஐந்து பேருக்குச் சமைப்பவர். நீங்களோ ஒரு நிலவறையில் வாடகைக்கு இருக்கப் போகிறவர். கடையில் அவர் தள்ளும் வண்டிலைப் பார்த்து உங்கள் வண்டிலை நிரப்பினால், முதல் மாதத்துக் கைக்காசில் கணிசமான பங்கு குப்பைக்கே போய்விடும் என்பதால், எதை அங்கே வாங்குவது, எதை வேறு கடையில் வாங்குவது என்று தீர்மானிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நான் வந்த முதல் மாதத்தில் நாங்கள் இருவர் மட்டுமே. 10 இறாத்தல் உருளைக்கிழங்கு, அதே அளவு வெங்காயம், ஒரு பெரிய பெட்டி நிறையப் பசளிக்கீரை ஆகியவற்றை ஒரே நாளில் வாங்கி வந்தோம். வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொண்ட குளிர்சாதனப் பெட்டியில் எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு தட்டு. கீரைப் பெட்டியை அதில் வைத்தால் பாலுக்கு இடமில்லை. கிழங்கையும் வெங்காயத்தையும், வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் உள்ள அறையின் பக்கத்தில் ஒன்றாக வைத்தோம். அந்த வெதுவெதுப்பில் இரண்டு கிழமைக்குள் கிழங்கு முளைவிட்டது, வெங்காயத்தின் அடிப்பகுதி கசிந்தது. கீரை ஐந்தாம் நாளே பெட்டியின் மூலைகளில் கறுத்துக் குழைந்துவிட்டது. மூன்று பொருள்களும் கடையில் மலிவானவைதான். எங்கள் வீட்டில் அவை மலிவாக இருக்கவில்லை.

இதை ஒரு கணக்காகப் பார்த்தால் தெளிவாக விளங்கும். பெரிய பொதி, சிறிய பொதியைவிடக் கிலோவுக்கு 25 சதவீதம் மலிவு என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கை எறிய நேர்ந்தால், நீங்கள் உண்மையில் உண்ட பங்குக்கு 12.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் எங்கள் வீட்டில் எத்தனை நாளில் முடியும் என்பதே. அதற்கு விடை தெரியாதவரை பெரிய பொதியைத் தொடாதிருப்பது நல்லது. விடையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. முதல் மூன்று மாதங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, சவர்க்காரத்தூள் என்று எதைத் திறந்தாலும் அதன் மேல் பேனாவால் திறந்த திகதியை எழுதுங்கள். முடிந்ததும் திறந்த திகதியையும் முடிந்த திகதியையும், எதையாவது எறிய நேர்ந்தால் அதையும், சமையலறையில் ஒட்டிய தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தாள், உறவினர் எவருடைய அறிவுரையையும்விட உங்கள் வீட்டைப் பற்றிச் சரியாகச் சொல்லும்.

இனி உறுப்புரிமைக்கு வருவோம். கொஸ்ட்கோவில் உறுப்பினர் அட்டை இல்லாமல் பொருள் வாங்க முடியாது. 2024 செப்டெம்பர் 1 முதல் கனடாவில் சாதாரண உறுப்புரிமை ஆண்டுக்கு 65 டொலர், எக்செக்கியூட்டிவ் எனப்படும் உயர் உறுப்புரிமை 130 டொலர். ஒன்ராறியோவின் 13 சதவீத விற்பனை வரியைச் சேர்த்தால் முதலாவதற்கு 73.45, இரண்டாவதற்கு 146.90. உயர் உறுப்புரிமை எடுத்தால், நீங்கள் வாங்கும் பெரும்பாலான பொருள்களின் பெறுமதியில் 2 சதவீதம் ஆண்டு முடிவில் திரும்பக் கிடைக்கும். ஆனால் கூடுதலாகக் கட்டிய 65 டொலரை மீட்கவே ஆண்டுக்கு 3,250 டொலருக்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 270 டொலருக்கு அங்கே வாங்கியிருக்க வேண்டும். பெற்றோலுக்குச் செலவிடுவது இந்தக் கணக்கில் சேராது. வாசலில் நிற்கும் பணியாளர் உயர் அட்டையைப் பரிந்துரைப்பார். தனியாளாகவோ இருவராகவோ வந்திருந்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். சாதாரண அட்டையோடு, அதே முகவரியில் வசிக்கும் 18 வயது நிரம்பிய இன்னொருவருக்கு ஓர் அட்டை இலவசமாகக் கிடைக்கும். அதை அன்றே கேட்டு வாங்குங்கள்.

கார் இல்லாதவர்கள் முதல் ஆறு மாதத்துக்கு அட்டையே எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வோர்டன் அவெனியூ கடைக்கு 68ஆம் இலக்கப் பேருந்தில் போகலாம். ஆனால் 18 கிலோ அரிசி மூட்டையோடும் ஒரு கட்டுக் கழிவறைத்தாளோடும் சனவரி மாதத்துப் பனியில் பேருந்துக்குக் காத்திருப்பது, சிறு பிள்ளையோடு வந்திருப்பவர்களுக்கு ஆகாத காரியம். அதுவரை அட்டை உள்ள ஒருவரோடு சேர்ந்து போகலாம். ஓர் உறுப்பினர் தன்னோடு இருவரை அழைத்துச் செல்லக் கடை அனுமதிக்கிறது. ஆனால் பணம் செலுத்துபவர் உறுப்பினராகவே இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் பற்றுச்சீட்டை எடுத்து வைத்து, உங்கள் பங்கை அன்றே கணக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போன சிறு கடன்கள் நல்ல உறவுகளைக் கசக்க வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்குள் விலைச்சீட்டைப் படிக்கப் பழக வேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது பொதியின் விலை. உங்களுக்கு வேண்டியது அதற்குள் சிறிய எழுத்தில், 100 கிராமுக்கோ 100 மில்லிலீற்றருக்கோ எவ்வளவு என்று இருக்கும் அலகு விலை. தமிழ்க் கடையிலோ நோ ஃப்ரில்ஸ், ஃபூட் பேசிக்ஸ், ஃப்ரெஷ்கோ போன்ற மலிவுக் கடைகளிலோ உள்ள விலையோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான். அந்தக் கடைகளின் வாராந்தரத் துண்டுப்பிரசுரங்கள் வியாழக்கிழமைகளில் புதுப்பிக்கப்படும். அவற்றில் இடம்பெறும் கோழி, பட்டர், மரக்கறி போன்றவை அந்தக் கிழமைக்கு மட்டும் கொஸ்ட்கோவையும் விட மலிவாக இருப்பதுண்டு. கொஸ்ட்கோ விலைச்சீட்டில் சதத்தின் இறுதி இலக்கங்கள் 97 என்று இருந்தால் அது பொதுவாக விலை குறைக்கப்பட்ட பொருள். வலது மேல்மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தப் பொருள் மீண்டும் வராது. இந்த இரண்டும் பயனுள்ள செய்திகள்தான். ஆனால் தேவையில்லாத பொருளை வாங்குவதற்கு அவை காரணமாகக் கூடாது.

வரியையும் கவனியுங்கள். அரிசி, பால், முட்டை, மரக்கறி போன்ற அடிப்படை உணவுகளுக்கு இங்கே விற்பனை வரி இல்லை. உப்புச் சேர்த்த கஜுவுக்கு வரி உண்டு; உப்பில்லாத கஜுவுக்கு இல்லை. பாயாசத்துக்கும் குழம்புக்கும் நமக்கு வேண்டியது உப்பில்லாததே. பிள்ளைகளின் உடுப்புக்கும் அணையாடைக்கும் ஒன்ராறியோவில் 13க்குப் பதிலாக 5 சதவீதம் மட்டுமே அறவிடுவார்கள்.

நம் சமையலுக்கு அங்கே உண்மையில் எது பெறுமதியானது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது உப்பில்லாத பட்டர். 454 கிராம் கட்டியை, அதாவது ஓர் இறாத்தலை, அடிகனத்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வைத்தால், முதலில் வெண்ணுரை பொங்கும், பிறகு சடசடப்பு அடங்கும், அடியில் படியும் துகள்கள் பொன்னிறமாகும். அந்த நேரத்தில் ஒரு பிடி முருங்கை இலையைப் போட்டு, அது மொறுமொறுத்ததும் இறக்கி வடித்தால் ஏறத்தாழ 350 கிராம் நெய் கிடைக்கும். கடையில் போத்தலில் விற்கும் நெய்யின் அலகு விலையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். நெய் எளிதில் கெடாது, பட்டரையும் உறைபெட்டியில் மாதக்கணக்கில் வைக்கலாம். நிலவறையில் காய்ச்சும்போது மட்டும் அடுப்புக்கு மேலுள்ள, புகையை இழுக்கும் விசிறியைப் போட்டுவிடுங்கள். கருகினால் புகை எச்சரிக்கை மணி வீடு முழுவதையும் எழுப்பிவிடும்.

பாசுமதி அரிசி, சீனி, பாதாம், கஜு, தேங்காய்ப் பால் ரின், ரின் மீன், பாத்திரம் கழுவும் சவர்க்காரம், சலவைத்தூள், கழிவறைத்தாள் ஆகியவை நாள்பட்டாலும் எளிதில் கெடாதவை; இடம் இருந்தால் அங்கே வாங்கலாம். கஜுவையும் பாதாமையும் திறந்த பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் அவற்றின் எண்ணெய் கெட்டு வாடை வராது. அரிசியில் வண்டு வருமென்று அஞ்சுபவர்கள், சிறு பைகளாகப் பிரித்து நான்கு நாள்கள் உறைபெட்டியில் வைத்து எடுத்துப் பிறகு மூடியுள்ள வாளியில் கொட்டி வைக்கலாம். கொஸ்ட்கோவின் சொந்த வணிகப் பெயரான கேர்க்லண்ட் சிக்னேச்சர், 1995இல் தொடங்கியது. கேர்க்லண்ட் என்பது அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகில் உள்ள ஓர் ஊர். அந்த வணிகப் பெயரில் வரும் பருப்புக் கொட்டைகள், ஒலிவ் எண்ணெய், துடைப்பான்கள் போன்றவற்றை விலை குறைவென்று தரம் குறைவாக எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம்.

குத்தரிசி, செத்தல் மிளகாய், வறுத்த கறித்தூள், நல்லெண்ணெய், கருவேப்பிலை, உளுந்து ஆகியவற்றுக்குத் தமிழ்க் கடைதான். தூள் வகைகளை எங்கேயும் பெரிய பொதியில் வாங்காதீர்கள். அரைத்த தூளின் வாசம் சில மாதங்களுக்குள் போய்விடும். பிறகு கறிக்கு இரண்டு மடங்கு போட வேண்டிவரும், காரம் கூடும், மணம் வராது. இறைச்சியைப் பொறுத்தவரை, உறைபெட்டியில் இடம் இருந்தால் பெரிய தட்டாக வாங்கி, அன்று மாலையே ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்துத் திகதி எழுதி வைப்பது நன்று. மறுநாளைக்குத் தள்ளிப்போட நினைப்பவர்கள் வாங்காதிருப்பதே மேல்.

குழந்தைக்கான அணையாடை உண்மையிலேயே பெரிய சேமிப்பு. ஆனால் ஓர் அளவில் ஒரு பெட்டிக்கு மேல் வாங்காதீர்கள், ஏனெனில் குழந்தை பெட்டிக்காகக் காத்திருக்காமல் வளர்ந்துவிடும். கார் இருக்கையை ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். கனடாவின் தேசியப் பாதுகாப்புக் குறி இல்லாத இருக்கையை இங்கே பயன்படுத்தச் சட்டம் இடமளிப்பதில்லை. அதைப் புதிதாக வாங்குங்கள், எந்தக் கடையில் என்றாலும் சரி.

உணவல்லாத பொருள்களில் காலம்தான் முக்கியம். குளிர்காலச் சட்டைகளும் பனிச் சப்பாத்துகளும் ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே அங்கே வந்துவிடும். முதல் பனி விழுந்து உங்களுக்கு அவசரமான நேரத்தில் உங்கள் அளவு இருக்காது. கோடையில் வந்திறங்கியவர்கள் வியர்வையோடு நின்றுகொண்டு குளிர்ச்சட்டை வாங்கத் தயங்குவது இயல்பு. தயங்காதீர்கள். கார் வாங்கிய பிறகு குளிர்கால ரயர்களை அங்கே விசாரித்துப் பாருங்கள். 2016 முதல் ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, நீங்கள்தான் அழைத்துக் கேட்க வேண்டும்.

பணம் செலுத்தும் இடத்தில் பலர் திகைத்து நிற்பார்கள். கனடாவின் கொஸ்ட்கோ கடைகளில் கடனட்டையாக மாஸ்ரர்காட் மட்டுமே ஏற்கப்படும், வீசா செல்லாது. வங்கிப் பற்றட்டையும் காசும் செல்லும். புதிதாக வந்தவர்களுக்கு வங்கி தரும் கடனட்டையின் எல்லை சிறியதாக இருக்கும். ஒரே பயணத்தில் அதன் பெரும்பகுதியைச் செலவழித்தால் உங்கள் கடன் மதிப்பெண்ணுக்கு, அதாவது உங்களை நம்பிக் கடன் தரலாமா என்று வங்கிகள் பார்க்கும் எண்ணுக்கு, நல்லதல்ல. மாத முடிவில் முழுவதையும் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டிய வட்டி ஏறும், அப்போது மொத்தமாக வாங்கியதில் மிச்சப்பட்டது எதுவும் கையில் நிற்காது. ஆகவே பட்டியலை எழுதிக்கொண்டு, அதற்குரிய தொகையை மனத்தில் வைத்து, வயிறு நிறைய உண்டுவிட்டுப் போங்கள். 1.50 டொலருக்கு விற்கும் ஹொட்டோக்கும் பானமும் வெளியே வரும்போதும் அங்கேயே இருக்கும்.

திருப்பிக் கொடுக்கும் விதிகள் அங்கே தாராளமானவை. தொலைக்காட்சி, கணினி போன்ற மின்னணுப் பொருள்களுக்கு 90 நாள்கள். மற்றப் பெரும்பாலானவற்றுக்குக் குறித்த நாளெல்லை கிடையாது. பழுதான, பொருந்தாத பொருளைக் கொடுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஆனால் மெத்தையில் ஓராண்டு படுத்துவிட்டு, வீடு மாறும்போது திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது நமக்குப் பின்னால் வருகிறவர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுக்கும்.

அட்டை எடுத்த பதினோராம் மாதத்தில் பற்றுச்சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மாதத்துப் பொருள்களை மட்டும் எடுத்து, சமையலறைத் தாளில் எறிந்ததாகக் குறித்தவை போக மற்றவை அருகிலுள்ள கடையில் என்ன விலைக்குக் கிடைத்திருக்கும் என்று பார்த்து, அதிலிருந்து அந்த மாதம் கொஸ்ட்கோவில் கட்டிய மொத்தத் தொகையைக் கழித்து, பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். வருகிற தொகை 73.45 டொலருக்குக் குறைவாக இருந்தால் அட்டையைப் புதுப்பிக்காதீர்கள். ஆண்டின் நடுவிலேயே அது தெரிந்துவிட்டாலும் உறுப்பினர் சேவை மேசைக்குப் போய்ச் சொல்லலாம். கட்டிய கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தருவார்கள்.