ஒரே நாளில் விதைப்பதை விட்டேன்

முதல் மழை பெய்த மறுநாளே நிலம் முழுக்கச் சோளம் விதைத்துவிடுவேன். ஒரு வருடம் அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு துளிகூட விழவில்லை. முளைத்த பயிர் சாண் உயரத்திலேயே கருகியது. மறுபடி விதைக்கக் கையில் விதையும் இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

இப்போது மழை விட்டதும் ஒரு சாண் ஆழம் தோண்டி, அடிமண்ணை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பார்க்கிறேன். உருண்டையாக நின்றால் ஈரம் இறங்கியிருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் மேல்மண் மட்டும்தான் நனைந்திருக்கிறது. மனம் பரபரத்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். மணற்பாங்கான நிலத்தில் உருண்டை அவ்வளவு கெட்டியாக நிற்காது, ஈரம் விரலில் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், நிலத்தை மூன்று பங்காக்கிப் பத்து நாள் இடைவெளியில் விதைக்கிறேன். ஊடே துவரை. சோளம் நாலு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். துவரை ஆணிவேரை ஆழமாக விட்டு, அதன்பிறகும் அடிஈரத்தில் நிற்கும்.

போன முறை முதல் பங்கு பூக்கும் நேரத்தில் வறட்சி வந்து, கதிர் பாதி பதரானது. பின்னால் விதைத்த இரண்டும் தப்பின. விதையில் கால் பங்கை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாமல் தனியே வைத்திருக்கிறேன். அதில் மட்டும் கை வைப்பதில்லை.