வெளிநாட்டில் பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: ஷ்டுட்கார்ட்டில் நான் கற்றது

விடுமுறைக்குக் காவேரிப்பட்டணம் வந்து நான்கு நாள் ஆகிறது. நேற்று பாலக்கோட்டிலிருந்து உறவுக்காரத் தம்பி ஒருவன் பைக்கில் வந்தான். ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். இப்போது ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. போனில் வரைபடத்தைத் திறந்து, ஷ்டுட்கார்ட்டைச் சுற்றி 25 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான். "அண்ணா, இந்த வட்டத்துக்குள்ள எங்க வாடகை கம்மியோ அங்க எடுத்துக்கறேன், சரிதானே?" என்றான்.

சரியில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் போட்டதும் இதே வட்டம்தான். அதனால் நானும் மனைவியும் ஒரு வருடத்துக்கு மேல் கஷ்டப்பட்டோம். திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு மூன்று மணி நேரம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். விசா, டிக்கெட், சம்பளப் பேச்சு எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழிமுறை அதேதான்.

படி 1: வேலை நகரத்தின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஓசூரே போதும். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவரும் ஹெப்பாலுக்குப் போகிறவரும் 'பெங்களூரில் வேலை' என்றுதான் சொல்வார்கள். ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், இன்னொருவர் விடியுமுன்னே பஸ் ஏற வேண்டும். ஷ்டுட்கார்ட்டும் அப்படித்தான். சிண்டெல்ஃபிங்கன் தென்மேற்கே தனி ஊர், கெர்லிங்கன் மேற்கே, சுஃபென்ஹவுசன் வடக்கே. கம்பெனிக் கடிதத்தில் மேலே ஷ்டுட்கார்ட் என்று இருந்தாலும், தினமும் போக வேண்டிய கட்டடத்தின் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

தம்பிக்கு வேலை சிண்டெல்ஃபிங்கனில். அவன் குறித்து வைத்திருந்தது வைப்ளிங்கனும் லுட்விக்ஸ்பர்க்கும். இரண்டும் நல்ல ஊர்கள்தான், ஆனால் நகரத்துக்கு அந்தப் பக்கம். தினமும் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு தடமும் நகரத்துக்கு நடுவில் ஒரே சுரங்கப்பாதைக்குள் போகின்றன. 1978இல் திறந்த பாதை அது. உள்ளே ஒரு ரயில் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். கோடை விடுமுறையில் பராமரிப்புக்காக அதையே வாரக்கணக்கில் மூடிய வருடங்களும் உண்டு. நகரத்தைக் கடக்காமலே வேலைக்குப் போய்வர முடிந்தால் இந்தத் தலைவலியில் பாதி போய்விடும்.

படி 2: வட்டத்தை அழித்துவிட்டு ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. நாம் பஸ்ஸில் வளர்ந்தவர்கள், அதனால் தூரம் என்றாலே ரோட்டுக் கிலோமீட்டர்தான் மனதில் வரும். தர்மபுரிக்காரர்களுக்கு ரயில் உண்டு என்றாலும் தினப்படிப் போக்குவரத்து என்றால் அவர்களுக்கும் பஸ்தான். இந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எஸ்1 தடத்தின் ஒரு கோடியில் இருக்கும் ஹெரன்பெர்க் ஷ்டுட்கார்ட்டிலிருந்து 30 கிலோமீட்டர்போல இருக்கும், ரயிலில் 40 நிமிடம். பாதித் தூரத்தில் மலைமேல் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, ரயில் மாறிப் போனால் அதைவிட அதிக நேரம் ஆகலாம்.

காசு விஷயமும் மாறிவிட்டது. பழைய பதிவுகளில் 'எத்தனை கட்டண மண்டலம் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். 2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்த பிறகு மாதாந்திரப் பாஸ் எடுப்பவர்களுக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. முதலில் மாதம் 49 யூரோ, 2025இல் 58, 2026இல் 63. நாடு முழுக்க உள்ளூர் பஸ், எஸ்-பான், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும், ஐசிஇ மாதிரி அதிவேக ரயில்களில் மட்டும் செல்லாது. ஆக, அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளிப் போனால் கூடுவது நேரம்தான், டிக்கெட் காசு அல்ல.

இரண்டு தடம் சேரும் ஊராக இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று நின்றால் இன்னொன்றைப் பிடிக்கலாம். போப்ளிங்கனில் எஸ்1, எஸ்60 இரண்டும் உண்டு. ரென்னிங்கனில் எஸ்6, எஸ்60. இரண்டு ஊரிலிருந்தும் எஸ்60 பிடித்தால் நகரத்துக்குள் போகாமலே சிண்டெல்ஃபிங்கன் போய்விடலாம். தம்பிக்கு முகம் மலர்ந்தது இந்த இடத்தில்தான்.

படி 3: ஸ்டேஷனிலிருந்து வீட்டு வாசல் வரை. நான் தடுக்கி விழுந்த இடம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் வீடு அலுவலகத்திலிருந்து 22 கிலோமீட்டர். ஸ்டேஷன் பக்கத்தில் பார்த்த வீட்டைவிட மாதம் 230 யூரோ வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் ஆப்பிள் தோப்பு, மனைவிக்கும் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஸ்டேஷன் 5 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நான் செயலியில் திங்கட்கிழமை காலை 8 மணிக்குப் பஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், 20 நிமிடத்துக்கு ஒன்று காட்டியது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரவு எட்டரைக்கு மேல் அந்தப் பஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பள்ளி விடுமுறை நாட்களில் காலைப் பஸ்களில் பாதி ஓடாது, ஏனென்றால் அவை பள்ளிப் பிள்ளைகளுக்காகவே விட்டவை. இது அந்த ஊரின் குற்றமில்லை, அட்டவணையில் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. பெங்களூரு–சேலம் ரோட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கை காட்டினாலும் ஏதாவது ஒரு பஸ் வரும் என்று பழகிய எனக்கு, பஸ் என்றால் எப்போதும் இருக்கும் என்ற நினைப்பு எலும்பிலேயே ஊறியிருந்தது. டிசம்பரில் ஒருநாள் ரயில் தாமதமாகி, கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு, பனியில் அந்த 5 கிலோமீட்டரும் ஏற்றத்தில் நடந்தேன். வீட்டில் தனியாக இருந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். வேறு ஊரில் வீடு பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தோம்.

ஆகவே, ஒரு ஊரைப் பட்டியலில் சேர்க்குமுன் அந்த வீட்டுக்கு அருகிலிருக்கும் நிறுத்தத்தைப் போட்டு நான்கு நேரங்களுக்குப் பாருங்கள்: வேலை நாள் காலை 6 மணி, வேலை நாள் இரவு 10 மணி, ஞாயிறு மாலை, அப்புறம் பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் வேலைக்கும் மற்ற நேரங்களில் வீட்டுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிந்தால் அந்த ஊர் தேறும். என்னைக் கேட்டால், ஸ்டேஷனிலிருந்து 15 நிமிடத்துக்குள் நடந்துபோகிற தூரத்தில் வீடு இல்லையென்றால் வேண்டவே வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

எந்தச் செயலி? ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர்தான் என் கட்சி. கூகுள் மேப்ஸ் நடக்கும் வழிக்கு நல்லது. ஆனால் தாமதம், ரத்து, மாற்றுப் பஸ் எல்லாம் எனக்குச் சரியாகக் கிடைத்தது ரயில்வேயின் சொந்தச் செயலியில்தான்.

படி 4: 'கார் வாங்கிக்கொள்ளலாம்' என்ற நினைப்பை ஒதுக்கி வையுங்கள்

தம்பி உடனே கேட்டான், "கார் எடுத்துட்டா இதெல்லாம் பிரச்சனையே இல்லையே அண்ணா?" நம் இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும், அதற்கும் மொழிபெயர்ப்பு கையில் வேண்டும். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டையும் அங்கே எழுதித் தேறினால்தான் ஓட்டலாம். இருபது வருடம் லாரி ஓட்டியவராக இருந்தாலும் இதுதான் விதி. முதல் வருடத்தில் கார் இல்லை என்று வைத்துக்கொண்டே ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: வீட்டு விளம்பரத்தைப் படிக்கும் முறை

இம்மோஸ்கவுட், இம்மோவெல்ட் என்ற வீட்டு விளம்பரத் தளங்கள் இரண்டிலும் தேடுங்கள். கிளைன்அன்சைகன் என்ற பொது விளம்பரத் தளத்திலும் நல்ல வீடுகள் வரும், ஏமாற்றுக்காரர்களும் அதிகம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்று யாராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. அதனால்தான் முதல் இரண்டு மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு அறை எடுத்துக்கொண்டு, நேரில் போய்த் தேடச் சொல்கிறேன்.

'2 சிம்மர்' என்பது நம் ஊர் டூ பிஹெச்கே இல்லை. ஹாலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள், ஆக அது சிங்கிள் பெட்ரூம். இந்தப் பதிவை முதலில் போட்டபோது இதை எழுத மறந்துவிட்டேன். படித்துவிட்டு ஒரு அக்கா, மூன்று பேர் குடும்பத்துக்கு 2 சிம்மர் பிடித்துவிட்டோமே என்று வருத்தப்பட்டு எழுதினார், அதனால் சேர்க்கிறேன். கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்றால் பராமரிப்பும் பெரும்பாலும் சூடேற்றும் செலவும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் பொதுவாகத் தனி. முன்பணம் கால்ட்மீட்டேயில் மூன்று மாத அளவைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

அடுப்படியைப் பாருங்கள். விளம்பரத்தில் இபிகே (EBK, பொருத்திய சமையலறை) என்ற மூன்றெழுத்து இல்லையென்றால் சமையலறை என்பது நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாய் இணைப்புமாக மட்டும் இருக்கலாம். சிங்க் இருக்காது, அடுப்பு இருக்காது, அலமாரி இருக்காது. முந்தைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார், அங்கே அது வழக்கம்.

படி 6: ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி

காலி செய்ய மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் 'குறிப்பிட்ட காலம்வரை காலி செய்யும் உரிமையைக் கைவிடுகிறேன்' என்று ஒரு பிரிவு இருக்கலாம், நான்கு வருடம் வரைகூடப் போட முடியும். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருடம் போட்டிருந்தது. ஜெர்மனில் எழுதிய பதினான்கு பக்கத்தை நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஊர் ஒத்துவராது என்று டிசம்பரிலேயே தெரிந்தும் அந்த வருடம் முழுக்க அங்கேயே இருந்ததற்குக் காரணம் இதுதான். 'Kündigungsverzicht' (க்யூண்டிகுங்ஸ்ஃபெர்ட்சிக்ட்) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

மற்றவை, சுருக்கமாக

குடியேறி இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டு தேவை. பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும்; வெறும் கதவு எண்ணை வைத்துத் தபால் வராது. கடிதம் திரும்பிப் போய்விட்டது என்று பதிவைப் படித்த இரண்டு பேர் எழுதினார்கள், இருவர் பெட்டியிலும் பெயர் இல்லை. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப்பெயரை ஒட்டுங்கள், இனிஷியல் மட்டும் போதாது.

சிறு குழந்தை இருந்தால், வீடு பார்க்கும் முன்பே அந்த ஊர் மழலையர் காப்பகத்தில் இடம் இருக்கிறதா என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் பெறச் சட்டப்படி உரிமை 2013 முதல் உண்டு, இருந்தும் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கிறது. கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும்.

ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும். நடக்கும் தூரத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். ராகி மாவு நகரத்து இந்தியக் கடைகளில் கிடைக்கும், ஆனால் களி கிண்டுகிற துடுப்பை இங்கிருந்தே எடுத்துப் போய்விடுங்கள்.

அந்த வட்டாரத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம். குடியிருப்பவர்கள் வாரம் ஒருவர் முறைவைத்துப் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு அட்டை தொங்கும். வாசல் தெளித்துப் பழகிய நமக்கு இது கஷ்டமே இல்லை. என் மனைவி முதல் வாரமே பளிச்சென்று கழுவிவிட, அதுவரை தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுப் பாட்டி ஒரு கேக்கோடு மேலே வந்தார்.

தம்பி கிளம்பும்போது பட்டியலில் மூன்று ஊர்: போப்ளிங்கன், ரென்னிங்கன், ஹெரன்பெர்க். மூன்றுக்கும் அந்த நான்கு நேரங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.