கைக்குழந்தை உள்ள வீட்டில் நாய் அலர்ஜியைச் சமாளிப்பது எப்படி?

குழந்தை அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டால் போதும், வீட்டில் எல்லார் பார்வையும் நாய் மேல் போய்விடும். "முடி மூச்சுக்குள்ள போயிடும், யாருக்காவது குடுத்துடுங்க" என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். உண்மையில் அலர்ஜிக்குக் காரணம் முடி இல்லை. நாயின் எச்சில், தோல், மூத்திரம் ஆகியவற்றில் இருக்கும் சில புரதங்கள்தான் காரணம். அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. நாய் தன்னை நக்கும்போது எச்சில் முடியில் படிந்து காய்கிறது, தோலிலிருந்து பொடுகு போல உதிரும் செதில்களோடு சேர்ந்து பொடியாகிறது. இந்தப் பொடியில் ஒரு பகுதி 5 மைக்ரானுக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) சிறியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மீதி மெத்தையிலும் சோபாவிலும் உங்கள் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சமாளிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொடியைத்தான்.

அதனால்தான் 'அலர்ஜி வராத ஜாதி' என்று சொல்லி விற்கப்படும் நாய்களால் பயனில்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் குட்டை முடி நாய்கள். ஆனால் அவற்றுக்கும் எச்சில் உண்டு, தோல் உதிரும். பூடில், ஷிட்சு போன்றவையும் அப்படியே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள், கைக்குழந்தையும் நாயும் இருந்த வீடுகளின் தூசியை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். 'அலர்ஜி வராத' நாய் இருந்த வீட்டிலும் மற்ற நாய் இருந்த வீட்டிலும் கேன் எஃப் 1 அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

படி 1: நாய்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

ஒரு வயதுக்குள் வரும் மூக்கொழுகலும் இருமலும் பெரும்பாலும் சாதாரண சளிதான். சளி என்றால் காய்ச்சல் வரலாம், மூக்குநீர் கெட்டியாகும், ஒன்றரை வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. தண்ணீர் போல ஒழுகும், குழந்தை கண்ணையும் மூக்கையும் தேய்த்துக்கொண்டே இருக்கும், வாரக்கணக்கில் நீளும். நாய் நக்கிய இடத்தில் சில நிமிடங்களில் தடிப்பு எழும்பினால் சந்தேகம் வலுக்கும். கால்களில் கொத்துக்கொத்தாகச் சின்னச் சிவப்புப் பொரிகள் வந்தால், அது தெள்ளுப்பூச்சியோ கொசுவோ கடித்ததாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு.

நாய் விஷயத்தில் இறங்குவதற்கு முன் புகையை நிறுத்துங்கள். குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், பூஜையறை ஊதுபத்தி, முகத்தில் தட்டும் டால்கம் பவுடர் எல்லாமே குழந்தையின் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்துபவை. இரண்டு வாரம் இவற்றை முழுதாக விட்டுவிட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை இது. சில வீடுகளில் நாயின் மீதான வழக்கு இதோடு தள்ளுபடியாகிவிடும்.

அதே இரண்டு வாரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன வந்தது, அப்போது குழந்தை எந்த அறையில் இருந்தது, யார் தூக்கியிருந்தார்கள், வீடு பெருக்கினீர்களா, புது உணவு ஏதாவது கொடுத்தீர்களா. மருத்துவர் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதைவிட இந்த நோட்டு பலமடங்கு உதவும்.

நாயை ஒரு வாரம் வெளியே அனுப்பிப் பார்ப்பது பலரும் செய்யும் சோதனை. இது ஏமாற்றும். நாய் போனாலும் அதன் பொடி வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும், ஆகவே குழந்தைக்கு எதுவும் குறையாது. "பார்த்தீங்களா, நாய் காரணமில்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மாற்றிச் செய்யுங்கள்: நாய் இல்லாத பாட்டி வீட்டுக்குக் குழந்தையை ஐந்தாறு நாள் கூட்டிப்போங்கள். எடுத்துப்போகும் துணிகளைத் துவைத்து, நாய் அண்டாத பையில் வையுங்கள். இல்லாவிட்டால் பொடியும் கூடவே வரும். அங்கே அடங்கி, திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கினால் காரணம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அது நாயாக இருக்கலாம், மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியாகவும் இருக்கலாம், சுவர் ஈரத்துப் பூஞ்சணமாகவும் இருக்கலாம். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் தூசிப்பூச்சியை எளிதில் விலக்கிவிட முடியாது.

இவற்றைப் பிரித்துச் சொல்ல ஸ்கின் பிரிக் டெஸ்ட் (தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது) அல்லது ரத்தத்தில் ஐஜிஈ (அலர்ஜியின்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பரிசோதனை உதவும். வேண்டுமா, எப்போது என்பதைக் குழந்தைநல மருத்துவர் முடிவுசெய்யட்டும். ரிப்போர்ட்டில் நாய்க்கு 'பாசிட்டிவ்' என்று வந்தாலே அலர்ஜி நோய் என்று ஆகிவிடாது. நோட்டில் எழுதியவற்றோடு அது பொருந்த வேண்டும். வீட்டில் இருக்கும் சளி சிரப்பைக் கைக்கு வந்த அளவில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் மூச்சு இளைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 2: தூங்கும் அறையை நாய்க்கு மூடுங்கள்

ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கைக்குழந்தை நாளில் பாதிக்கு மேல் தூங்கியே கழிக்கிறது. அந்த நேரம் முழுவதும் சுத்தமான காற்று கிடைத்தாலே பெரும்பாதி வேலை முடிந்தது. "ராத்திரி மட்டும் வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கும்" என்ற சலுகை கூடாது. ஒரு இரவில் அது உதிர்ப்பது பல நாள் தங்கும். குழந்தை பிறப்பதற்கு முன்பே பழக்கிவிட்டால் நாய்க்கும் எளிது. குழந்தை வந்த அன்றைக்குக் கதவைச் சாத்தினால் அது வாசலில் நின்று ஊளையிடும்.

முதல் நாள் சுத்தம் மேலிருந்து கீழே போக வேண்டும். ஃபேன் றெக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுங்கள், தூசி உறைக்குள்ளேயே விழும். அடுத்து பீரோ மேல்பக்கம், ஜன்னல் கம்பி, ஏசி இருந்தால் அதன் வலை (அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்). கனமான திரைச்சீலையைக் கழற்றிவிட்டு, துவைக்க எளிதான மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த உறை மாட்டுங்கள். விரிப்புகளை வாரம் ஒருமுறை துவையுங்கள். நாயின் புரதம் சாதாரண சோப்புத் தண்ணீரிலேயே பெருமளவு போய்விடும். மெஷினில் 60 டிகிரி வைப்பது தூசிப்பூச்சி சாகத்தான்.

தூளி கட்டும் வீடுகளில் யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. தூளிச் சேலை வாரக்கணக்கில் கழற்றப்படாமல் தொங்கும், அதன் கீழே தரை குளிர்ச்சியாக இருப்பதால் நாய் அங்கேயே வந்து படுக்கும், முதுகை உரசும். இரண்டு சேலை வைத்துக்கொண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். கொசுவலையையும் வாரம் ஒருமுறை அலசுங்கள்.

கதவைச் சாத்தினால் புழுங்குமே என்றால், வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டையால் அடையுங்கள். வாசலில் வைக்கும் தடுப்புக் கேட் நாயை நிறுத்தும், பொடியை நிறுத்தாது. ஒரே படுக்கையறை உள்ள சின்ன வீடு என்றால் நாயின் இடத்தைக் கூடத்தில், தொட்டிலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். பால்கனியில் விடுவதானால் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அங்கே கட்டிப்போடுவது கொடுமை.

படி 3: விளக்குமாற்றுக்கு முன் ஈரத்துணி

காய்ந்த தரையில் பெருக்கினால், படிந்திருந்த பொடி எழும்பிக் குழந்தையின் மூக்கு உயரத்தில் சுற்றும். ஆறேழு மாதத்தில் தவழத் தொடங்கிவிட்டால் இது இன்னும் மோசம். ஃபேனை நிறுத்தி, குழந்தையை வேறு அறைக்கு மாற்றி, ஈர மாப்பால் முதலில் துடையுங்கள். முடி உருண்டைகளை ஈரத்துணியில் ஒற்றி எடுக்கலாம். ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலச நல்ல தண்ணீர். நெடியடிக்கும் பினாயில் வேண்டாம், அந்த வாசனையே மூக்கை எரிக்கும். தரை முழுதாகக் காய்ந்தபின் குழந்தையை விடுங்கள்.

வாக்குவம் கிளீனர் வாங்குவதானால் ஹெப்பா பில்டர் (நுண்பொடியையும் பிடித்து வைக்கும் வடிகட்டி) உள்ளதாகப் பாருங்கள். அது இல்லாதது நுண்பொடியை முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும். தூசிப்பெட்டியை மாடியிலோ வாசலுக்கு வெளியிலோ கொட்டுங்கள். தரைவிரிப்பு இருந்தால் சுருட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். சோபாவுக்குப் பழைய பருத்தி விரிப்பு போதும், வாரம் ஒருமுறை துவைத்தால் சரி.

படி 4: நாய்க் குளியல்

குளிப்பாட்டினால் அலர்ஜிப் புரதம் குறையும், ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். மாதம் ஒருமுறை குளிப்பாட்டினால் நாய் மணக்கும், குழந்தைக்கு ஒரு பலனும் இருக்காது. பலன் வேண்டுமென்றால் வாரம் இரண்டுமுறை. முடியாதவர்கள் ஒருமுறை குளிப்பாட்டிவிட்டு, மற்ற நாட்களில் பிழிந்த ஈரத்துணியால் தலையிலிருந்து வால்வரை துடைக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கென்றே உள்ள மென்மையான ஷாம்பு. ஐந்து நிமிடமாவது நுரை இருக்கட்டும், பிறகு வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். இங்கே மூன்று தவறுகள் வழக்கம். நம் ஷாம்பு, குளியல் சோப்பு, சீயக்காய் போடுவது முதல் தவறு: தோல் வறண்டு முன்பைவிட அதிகமாகச் செதில் உதிரும். சரியாக அலசாமல் விட்டால் அரித்துக்கொண்டே இருக்கும், சொறியச் சொறியச் செதில் உதிரும். அடர்ந்த முடியை ஈரத்தோடு விட்டால் மழைக்காலத்தில் பூஞ்சைத் தொற்று வரும். குளிக்கக் குளிக்கத் தோல் வறள்வதாகத் தெரிந்தால் எண்ணிக்கையைக் குறைத்து கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

முடி சீவுவது மொட்டை மாடியில்தான், அதுவும் அலர்ஜி இல்லாத ஒருவர்தான் செய்ய வேண்டும். நாயின் படுக்கைத் துணியும் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கட்டும். உண்ணி மருந்து போட்ட அன்று மருந்து காயும்வரை நாயைக் குழந்தை பக்கம் விடவே வேண்டாம். ஆண் நாய் என்றால் இன்னொரு செய்தி: கேன் எஃப் 5 என்ற புரதம் அதன் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாவது, கருத்தடை செய்தால் குறையும்.

படி 5: குழந்தையைத் தூக்குபவர்களும் நாய் நக்குவதும்

நாயோடு விளையாடியவர் கைகழுவிச் சட்டை மாற்றியபின்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். குழந்தை முகம் புதைப்பது உங்கள் தோளில்தானே. கதவுப் பின்னால் ஒரு 'குழந்தைச் சட்டை' தொங்கவிட்டால் இது பழக்கமாகிவிடும்.

முகத்தையும் கையையும் நாய் நக்க விடாதீர்கள், நக்கினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முட்டை, பால், வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தை என்றால், அவற்றைத் தின்றுவிட்டு வந்த நாயின் வாயும் ஆபத்து. எக்ஸிமாவால் (தோல் வறண்டு அரிக்கும் நோய்) தோல் வெடித்திருக்கும் குழந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்: குளித்துத் துடைத்த கையோடு மருத்துவர் சொன்ன மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். வெடித்த தோலில் நாய் நக்கினாலோ, பல் நகம் பட்டாலோ, 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விடக்கூடாது. ரேபிஸ் விஷயம் அது.

படி 6: ஏர் பியூரிஃபையர், கடைசியாக

இதை முதலில் வாங்குபவர்கள் அதிகம். மெத்தையில் படிந்ததை எந்த மெஷினும் எடுக்காது, மிதப்பதை மட்டுமே எடுக்கும். வாங்குவதானால் கணக்கு இப்படி: 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்துமுறை காற்று மாற வேண்டும். 34ஐ ஐந்தால் பெருக்கினால் 170. பெட்டியில் சிஏடிஆர் (மெஷின் சுத்தம் செய்து தரும் காற்றின் அளவு) என்று போட்டிருக்கும் எண் மணிக்கு 170 கன மீட்டருக்குக் குறையக்கூடாது. ஹெப்பா பில்டர் இருக்க வேண்டும், ஓசோன் விடும் வகை வேண்டவே வேண்டாம். தூங்கும் அறையில் கதவைச் சாத்தி ஓட்டுங்கள். கூடத்தில் வைத்தால் கரண்ட் பில்தான் ஏறும்.

நாயோடு வளரும் குழந்தைக்கு அலர்ஜி குறைவாக வரும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வில், முதல் வயதில் நாய் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா சற்றுக் குறைவாக இருந்தது உண்மை. ஏற்கெனவே நாய் அலர்ஜி உறுதியான குழந்தைக்கு அந்தக் கணக்கு செல்லாது. 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்று விட்டுவைக்காதீர்கள்.

முதல் ஐந்து படிகளையும் விடாமல் இரண்டு மாதம் செய்யுங்கள். அப்போதும் இரவில் இளைப்பு வந்துகொண்டே இருந்தால், நாயை வேறு வீட்டில் வைப்பது பற்றி மருத்துவரோடு பேசும் நேரம் வந்துவிட்டது. தெருவில் விடுவது அதற்கு வழியில்லை. நாயை அறிந்த உறவினர் வீடுதான் நல்லது. அனுப்பிய மறுநாளே படி 2இன் முழுச் சுத்தத்தை வீடு முழுவதும் ஒருமுறை செய்யுங்கள். சோபா விரிப்பு, கால்மிதி, காரின் பின்சீட்டு எதையும் விடாதீர்கள். அப்படிச் செய்தாலும் குழந்தைக்கு முழுப் பலன் தெரியச் சில மாதம் ஆகும்; அதுவரை மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்.