திருகு அங்கே, பல் இங்கே

வெளிநாடு வந்த புதிதில் வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லைப் பற்றி யார் நினைப்பார்கள்? கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய இடம் எனக்குக் காலியாகவே கிடந்தது. லீவில் ஊருக்குப் போகும்போது இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் திருகு வைத்துக் கட்டும் செயற்கைப் பல், வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நம்மில் பாதிப் பேர் போடும் கணக்குதான் இது. அந்தக் கணக்கில்தான் எனக்கு அடி விழுந்தது.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் காப்பீட்டில் இம்பிளாண்ட் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பல திட்டங்களில் வராது, வந்தாலும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். செலவு மதிப்பீட்டில் ஸ்கேன், எலும்பு போதாவிட்டால் வைக்கும் எலும்பு ஒட்டு, திருகு, அபட்மென்ட் (இணைப்புத் துண்டு), கிரவுன் (வெளியே தெரியும் பல், கேப் என்றும் சொல்வார்கள்) எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மொத்தமாக ஒரே தொகை எழுதிக் கொடுத்தால் பிரித்துக் கேளுங்கள். சம்மதப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இம்பிளாண்ட் என்பது ஒரே பொருள் அல்ல. எலும்புக்குள் போகும் டைட்டானியத் திருகு, அதன் தலையில் ஏறும் அபட்மென்ட், அதற்கு மேல் வெளியே தெரியும் கிரவுன் என்று மூன்று. திருகை வைத்த அன்றே பல்லையும் கட்டிவிடுவது எல்லோருக்கும் ஒத்துவராது. பெரும்பாலும் எலும்பு திருகைப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதம் விடுவார்கள். கீழ்த்தாடையில் எலும்பு கெட்டி, அதனால் சீக்கிரம் பிடிக்கும். மேல்தாடையில் தாமதம்.

என் லீவு மூன்று வாரம். திருகை வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், "நாலு மாசம் கழிச்சு எங்கே வேணும்னாலும் கேப் போட்டுக்கலாம் சார்" என்று அனுப்பிவைத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

நாலு மாதம் கழித்து இங்கே ஒரு பல் மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். மரை மரையாகத் திருகு பளிச்சென்று தெரிந்தது. நன்றாகவே பிடித்திருக்கிறது என்றார். அடுத்து, "இது எந்தக் கம்பெனி? என்ன விட்டம்?" என்று கேட்டார். போனில் இருந்த ரசீதுப் படத்தைக் காட்டினேன். 'இம்பிளாண்ட் – 1', கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. வேறொன்றும் இல்லை.

அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து குட்டித் திருப்புளிகள் அடுக்கிய ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றின் நுனியும் ஒரு விதம். திருகின் வாய்க்குள் இருக்கும் பள்ளம் சிலவற்றில் அறுகோணம், சிலவற்றில் கூம்பு. அதன் ஆழமும் சரிவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் மாறும். ஏறக்குறைய பொருந்துகிற அபட்மென்ட்டைப் போட்டு முடுக்கினால் அன்றைக்கு நிற்கும். பிறகு இடுக்கில் கிருமி சேரும், அபட்மென்ட்டைப் பிடிக்கும் உள் திருகு தளரும், உடைந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "தெரியாத திருகில் நான் கை வைக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டார். அடுத்துப் பார்த்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அவர்கள் செய்தது சரிதான்.

எடுத்துவிட்டு வேறு வைக்கலாமே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதல்ல. 1950களில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் போய், எலும்பு அதை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தார். 1965இல் மனிதத் தாடையில் வைத்தார். அந்தப் பிடிப்புதான் இந்தச் சிகிச்சையின் ஆதாரம். நன்றாகப் பிடித்த திருகை எடுக்கும்போது சுற்றியுள்ள எலும்பும் கொஞ்சம் போகலாம்.

ஊரில் திருகு வைத்த மருத்துவர் அந்தக் கிளினிக்கை விட்டே போயிருந்தார். போனை எடுத்த உதவியாளர், "நல்ல கம்பெனிதான் சார், கவலைப்படாதீங்க" என்றார். ஐந்து வாரம் விடாமல் பேசிய பிறகு வேறொரு பெண் பழைய பதிவேட்டைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பினார். அவர் நன்றாக இருக்கட்டும். பிறகுதான் தெரிந்தது, திருகு வரும் பெட்டியிலேயே இப்படி ஒட்டுச்சீட்டுகள் வரும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை நம்மிடம் கொடுத்திருந்தால் கதையே வேறு. நாம் கேட்பதில்லை, டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்றே வளர்ந்துவிட்டோம். நாற்காலியை விட்டு எழும்புவதற்கு முன்பே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் கோப்பையும் சேர்த்து. முடிந்தால் தொடங்குகிற கையே முடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பாவுக்குச் செய்வதாக இருந்தால் மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியோ போடுபவர்கள் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, சொல்லவும் மாட்டார்கள். அவற்றில் சில மருந்துகளால் அறுவைக்குப் பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து அரிதாக உண்டு. சொல்லியே ஆக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டுப்படாத சர்க்கரை, சிகரெட், ஈறு நோய் மூன்றும் திருகுக்கு எதிரிகள். மேல்தாடையில் எலும்பு போதாமல் சைனஸ் லிஃப்ட் (மூக்கருகே உள்ள சைனஸ் அறையின் அடிச்சவ்வை உயர்த்தி எலும்பு நிரப்புவது) செய்தால் சில வாரம் மூக்கை வேகமாகச் சிந்தக் கூடாது. எப்போது விமானம் ஏறலாம் என்றும் முன்கூட்டியே கேளுங்கள், நம்மைப் போன்றவர்கள் டிக்கெட்டைத்தானே முதலில் போடுகிறோம்.

இம்பிளாண்ட்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறில் நோய் வந்து எலும்பு கரையலாம். இயற்கைப் பல்லில் இருப்பதுபோல் உள்ளே நரம்பு கிடையாது, அதனால் பெரும்பாலும் வலியும் இல்லாமலே நோய் முற்றும். தேய்க்கும்போது இரத்தம் வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

எனக்குக் கடைசியில் பல் கட்டினார்கள். கிரவுனுக்குத்தான் உத்தரவாதம், திருகுக்கு இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் படத்தை அச்செடுத்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். விட்டம் 4.2 மி.மீ., நீளம் 10 மி.மீ. என் பிறந்த தேதியைப் போல மனப்பாடமாகிவிட்டது.