வலிமை குறைந்த அமிலம் என்றால் கொஞ்சம் அமிலமா?

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு மாணவி பியூரெட்டையே (அளவுக் கோடு போட்ட குழாய்) முறைத்துக்கொண்டு நின்றாள். 20 மி.லி. அசிட்டிக் அமிலத்துக்கு 20 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் செலவாகியிருந்தது. இரண்டுமே 0.1 மோலார், அதாவது ஒரே செறிவு. "தப்பாப் பண்ணிட்டேன் சார். வீக் ஆசிட்தானே, இவ்வளவு எப்படி இழுக்கும்?" அளவீட்டை அழிக்க ரப்பரையும் எடுத்துவிட்டாள். நல்லவேளை, கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பிப்பெட்டில் குமிழி விடுவது போன்ற கைத்தவறுகளை நீங்களே திருத்திக்கொள்வீர்கள். அவள் சொன்னது போன்ற தப்பான நம்பிக்கை அப்படிப் போகாது. கீழே தலைப்பாக இருப்பவை எல்லாம் அந்த வகைதான்.

வலிமை குறைவு, அதனால் காரமும் குறைவாகச் செலவாகும்

நான் முழுதாக நம்பிய பொய் இது. கல்லூரி முதலாண்டில் நீர்த்த வினிகரைத் தரம்பார்க்கச் சொன்னார்கள்; அதாவது எவ்வளவு காரம் செலவாகிறது என்று பார்த்து அமிலத்தின் அளவைக் கண்டுபிடிக்க. பினாப்தலீன் என்ற நிறங்காட்டி (அமிலம் முறிந்து முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் பொருள்) போடவேண்டிய இடத்தில் மெத்தில் ஆரஞ்சைப் போட்டேன். காரம் 6 மி.லி. தாண்டுவதற்குள் கரைசல் மஞ்சளாகிவிட்டது. வலிமை குறைந்த அமிலம்தானே, சீக்கிரம் முறிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். 5 சதவீத வினிகர் என் கணக்கில் ஒன்றரை சதவீதம் ஆனது. கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று முடிவுரை வேறு எழுதினேன்!

மெத்தில் ஆரஞ்சு பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் நிறம் மாறும். அசிட்டிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு முறிவதற்குள்ளேயே பிஎச் 4.4-ஐத் தொட்டுவிடும். முறிந்து முடியும் இடமோ 8.7 பக்கம். தப்பான நிறங்காட்டி என் தப்பான நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூறு மூலக்கூறில் ஏறக்குறைய ஒன்றுதான் அயனியாகப் பிரிந்திருக்கும். அதனால்தான் பிஎச் 2.9; அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 1. ஆனால் காரம் அந்த ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்ததும் அடுத்த மூலக்கூறு பிரியும், அப்புறம் அடுத்தது. பந்தியில் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு ஆளுக்கு உலை வைத்தால் என்ன ஆகும்? மண்டபத்துக்குள் இன்னும் தொண்ணூற்றொன்பது பேர் இருக்கிறார்கள். வலிமை என்பது எவ்வளவு பிரிந்திருக்கிறது என்பது. காரத்தின் செலவு, மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

தண்ணீர் ஊற்றினால் வலிமை குறையும்

குறையாது. செறிவுதான் குறையும். அசிட்டிக் அமிலத்தில் நீர்க்க நீர்க்கப் பிரிகை வீதம் (நூற்றுக்கு எத்தனை மூலக்கூறு பிரிந்திருக்கிறது என்பது) கூடவே செய்யும்.

வலிமை குறைந்தது சுடாது

ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வலிமை குறைந்த பட்டியலில்தான் இருக்கிறது. கண்ணாடியை அரிக்கும். தோலுக்குள் இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் பட்டால் வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பள்ளி ஆய்வகத்தில் அது இருக்காது, சரி. அடர் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதுவும் கொப்புளம் போடும்.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8

அமிலம் விட்டால் தண்ணீர் காரமாகுமா? தண்ணீரின் அயனிகளையும் சேர்த்துப் போடுங்கள்: 6.98.