சினைப்பைக் கட்டியை அல்ட்ராசவுண்டில் மதிப்பிடுதல்: தொடங்குவோருக்கான படிகள்

சினைப்பைக் கட்டி சாதாரணமானதா, புற்றுநோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டியதா என்று பிரித்தறிய, ஐயோட்டா (IOTA) என்ற, சினைப்பைக் கட்டிகளை ஆராயும் பன்னாட்டு ஆய்வுக் குழு 2008-இல் வெளியிட்ட எளிய விதிகள் பெரிதும் உதவுகின்றன. ஸ்கேன் பழகும் மருத்துவர்களுக்காக அவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதலில் பிறப்புறுப்பு வழியாகவும், கட்டி பெரிதாக இருந்தால் வயிற்றின் வழியாகவும் பார்த்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்களில் அளவெடுங்கள். இரு பக்கமும் கட்டி இருந்தால் தோற்றத்தில் சிக்கலானதையே மதிப்பிட வேண்டும்.

அடுத்து, உள்ளே எத்தனை அறைகள், திண்மப் பகுதி உண்டா என்று பாருங்கள். சுவரிலிருந்து உட்புறமாக 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளும் திண்மப் பகுதியே முகிழ்ப்பு எனப்படும். தொடங்குவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்: நீர்க்கட்டிக்குள் உறைந்த இரத்தமும் திண்மம் போலவே தெரியும். ப்ரோபால் (ஸ்கேன் செய்யும் கைக்கருவியால்) மெல்லத் தட்டும்போது அது ஜெல்லி போல் அசைந்து, உள்ளே இரத்த ஓட்டமும் இல்லையென்றால், பெரும்பாலும் உறைகட்டிதான்.

பிறகு, இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர். மெதுவான ஓட்டமும் தெரியும்படி வேக அளவைக் குறைத்து, கெயினை (சமிக்ஞைப் பெருக்கத்தை) வண்ணப் புள்ளிகள் தோன்றும்வரை கூட்டிச் சற்றே இறக்குங்கள். இந்த அமைப்பைச் சரிபார்க்காமல் "இரத்த ஓட்டம் இல்லை" என்று எழுதுவதுதான் மிக ஆபத்தான பிழை என்பேன், ஏனெனில் விதிகளில் அது சாதாரணக் கட்டிக்கான அடையாளமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஓட்டத்துக்கு 1 (இல்லை) முதல் 4 (மிக அதிகம்) வரை மதிப்பெண் இடுங்கள்.

இனி விதிகள். சாதாரணக் கட்டிக்கான அடையாளங்கள் ஐந்து: ஒரே அறை; திண்மப் பகுதி இருந்தாலும் அதில் மிகப் பெரியதும் 7 மி.மீ.க்குள் இருத்தல்; ஒலி நிழல் (கட்டிக்குப் பின்னால் ஒலி எட்டாமல் தெரியும் கருமை); 100 மி.மீ.க்குக் குறைவான, வழவழப்பான பல அறைக் கட்டி; இரத்த ஓட்ட மதிப்பெண் 1. புற்றுநோய்க்கானவையும் ஐந்தே: ஒழுங்கற்ற திண்மக் கட்டி; வயிற்றில் நீர்; நான்கோ அதற்கு மேலோ முகிழ்ப்புகள்; 100 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, திண்மப் பகுதியுள்ள ஒழுங்கற்ற பல அறைக் கட்டி; இரத்த ஓட்ட மதிப்பெண் 4.

ஒரு பக்கத்து அடையாளங்கள் மட்டுமே இருந்தால் அதுவே முடிவு. இரண்டும் கலந்தோ, எதுவுமே இல்லாமலோ இருந்தால் முடிவு சொல்ல இயலாதது என்று அப்படியே எழுதி, அனுபவமிக்க ஸ்கேன் நிபுணரிடம் அனுப்புங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில் புற்றுநோய்ச் சந்தேகமுள்ள கட்டியாகவே கருதி நடத்துவது பாதுகாப்பானது. அறிக்கையில் முடிவோடு நிற்காமல், எந்தெந்த அடையாளங்களைக் கண்டீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.