யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு: வன்னியைத் தூங்காமல் கடந்து, நூதனசாலைகளையும் பார்த்துப் போவது எப்படி

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் இரவு பஸ்ஸில் ஏறி, பளை வருமுன்னரே கண்ணை மூடி, விடியும்போது கொழும்பில் இறங்குகிறார்கள். வன்னி முழுவதும் தூக்கத்திலேயே போய்விடுகிறது. கிளிநொச்சியில் இருக்கிற எனக்கு அது உண்மையாகவே கவலை. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைத்தால், அல்லது வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால், ஒரு தடவையாவது இந்தத் தூரத்தை நான்கு நாட்களாகப் பிரித்து, பகலில் மட்டும் ஓடிப் பாருங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, அநுராதபுரம், கொழும்பு என்று வழி நெடுகிலும் நூதனசாலைகள் இருக்கின்றன. ஒன்றில் பார்த்த பொருளின் மிச்சக் கதை அடுத்ததில் கிடைக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, கலண்டரை. தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலைகள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை பூட்டியிருக்கும், ஆகவே செவ்வாய் நடுவில் விழுந்தால் திட்டமே குழம்பிப்போகும். புதன்கிழமை யாழ்ப்பாணத்தில் தொடங்கினால் வியாழன் வவுனியா, வெள்ளி அநுராதபுரம், சனி கொழும்பு என்று சரியாக வந்து பொருந்தும். போயாவும் மற்ற அரச விடுமுறைகளும் வருகின்றனவா என்று பாருங்கள். திருத்த வேலைக்காகச் சில கூடங்களை மாதக்கணக்கில் மூடி வைப்பதும் உண்டு, அதனால் வெளிக்கிட முதல் நாள் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடுங்கள். ஜூன் மாதத்துப் பொசன் போயாவை ஒட்டி மிகிந்தலையும் அநுராதபுரமும் யாத்திரிகர்களால் நிரம்பி வழியும், வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம். கார்த்திகை, மார்கழி மழையில் வன்னிக் குளங்கள் வான் பாயும், குறுக்கு வீதிகள் வெள்ளத்தில் போகும். மாசி, பங்குனி நல்ல காலம், வெயிலும் அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் அறுவடை நேரம் என்பதால் வீதி ஓரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஒதுங்கி ஓடுங்கள், ஏற்றிவிடாதீர்கள்.

வாகனத்தைப் பொறுத்தவரை ஐந்தாறு பேர் என்றால் சாரதியோடு வான் பிடிப்பது நல்லது. பேசும்போதே நான்கு நாள் வாடகை, கிலோமீற்றர் கணக்கு, சாரதியின் சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள், பிறகு முகம் சுளிக்க வேண்டியிராது. தேசிய அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள், உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் ரிக்கற் விலை வேறு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மாமாவுக்கு அநுராதபுரத்தில் டொலர்க் கணக்கில் ரிக்கற் வரும் என்பதை முதலே சொல்லி வையுங்கள். சில்லறைக் காசு கொஞ்சம் இருக்கட்டும்.

முதல் நாள் காலையில் நாவலர் வீதியில் இருக்கிற யாழ்ப்பாணத் தொல்பொருள் நூதனசாலை. வெளியிலிருந்து பார்த்தால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிறது. வாசலில் பழைய பீரங்கிகள், திமிங்கல எலும்பு, உள்ளே பல்லக்கும் கந்தரோடையில் கிடைத்த சிலைகளும். சின்ன இடம், ஆனால் அவசரப்படாதீர்கள். அங்கிருந்து கோட்டைக்குப் போங்கள். போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றினார்கள். அப்புறம் ஊரை விட்டு வெளியேறும் வழியிலேயே நாவற்குழியில் சிவபூமி நூதனசாலை, 2020இல் திறந்தது. எங்கள் அப்பு, ஆச்சி காலத்து வீட்டுப் பொருட்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், விளக்கப் பலகை தேவைப்படாது, அவரே சொல்லிக்கொண்டு போவார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ9 வீதி. சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டி முகமாலை வரும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். வீதியோரம் சிவப்புப் பலகையில் மண்டையோட்டுப் படம் இருந்தால் அது கண்ணிவெடி எச்சரிக்கை. சிறுநீர் கழிக்கக்கூட அந்தப் பக்கம் இறங்கக் கூடாது, பிள்ளைகளை இறங்க விடவும் கூடாது. பளை, இயக்கச்சி கடந்தால் ஆனையிறவு. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை இந்த வழியாகத்தான் குடாநாட்டுக்குக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்ததும் யானைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொழும்பில் உதவும். ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் போர் நினைவுச் சின்னங்கள் வீதியோரமாகவே நிற்கின்றன. யாருடைய நினைவு, யார் எழுதியது, யாருடையது அங்கே இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைதான் அடுத்த நாள் நூதனசாலைக்குள்ளும் சரியாகப் பார்க்கும்.

கிளிநொச்சியில் தங்கலாம், அறைகள் இருக்கின்றன. நேரம் இருந்தால் இரணைமடுச் சந்தியில் திரும்பி, பின்னேர வெயிலில் குளக்கட்டில் கொஞ்சம் நடவுங்கள். ஆனால் இருட்டிய பிறகு வன்னியில் ஓட்டாதீர்கள். மாடுகள் சூடு தேடித் தார் வீதியில் படுத்திருக்கும், கறுத்த மாடு என்றால் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். பகலிலும் நேர் வீதி என்று அமத்தாதீர்கள், காருக்கு ஊருக்கு வெளியே 70, ஊருக்குள் 50 கிலோமீற்றர்தான், பொலிஸார் மர நிழலில் நிற்பார்கள்.

இரண்டாம் நாள் வெள்ளன வெளிக்கிட்டால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் முதல் நிறுத்தம். இந்த வீதியில் ஓடுகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். வைகாசி, ஆனியில் வந்தால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். பால் உதட்டில் ஒட்டும், அதற்காக வாங்காமல் விடாதீர்கள். மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று இருபுறமும் காடும் வயலுமாக வவுனியா வந்துவிடும்.

வவுனியாத் தொல்பொருள் நூதனசாலைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று சொன்னாலும் பிழையில்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் உள்ளே போனதில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் கண்டெடுத்த சுடுமண் உருவங்கள் அங்கே இருக்கின்றன. நுணுக்கமான வேலைப்பாடு இல்லை, யாரோ கையால் பிசைந்து சுட்டவை, அதனாலேயே எனக்கு அவை பெரிய சிற்பங்களைவிடக் கிட்டவாகத் தெரிகின்றன. இன்றைக்கு நெல் விளைகிற அதே மண்ணை ஆயிரம் வருடங்களுக்கு மேல் முன்னர் ஒருவர் உருட்டி உருவமாக்கியிருக்கிறார். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் சிலைகளும் இருக்கின்றன. வன்னியில் பௌத்தமும் இருந்தது, சைவமும் இருந்தது, தமிழரிலும் பௌத்தர் இருந்தார்கள். இன்றைய சண்டைகளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைக்காமல், எங்கே கிடைத்தது, எந்தக் கல், எந்தக் காலம் என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம் காணும். வருகைப் பதிவுப் புத்தகம் இருந்தால் எழுதிவிட்டு வாருங்கள், ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் இப்படிப்பட்ட சின்ன இடங்களைக் கவனிப்பார்கள்.

வவுனியாவிலிருந்து மதவாச்சி, ரம்பாவை வழியாக அநுராதபுரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. இரவு அங்கே தங்கி, அடுத்த நாள் காலையில் சுற்றிப் பாருங்கள். அங்கே நூதனசாலைகள் பல, எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. ஜேதவனாராம நூதனசாலையைத் தெரிவுசெய்யுங்கள், மணிகளும் நகைகளும் தூர தேசங்களிலிருந்து வந்த மட்பாண்டத் துண்டுகளும் அங்கேதான். பழைய கச்சேரிக் கட்டடத்தில் இருக்கிற தொல்பொருள் நூதனசாலை இரண்டாவது. மிச்ச நேரத்தில் அபயகிரிப் பக்கம், தமிழ் வணிகர்கள் கட்டிய மண்டபத்தின் கல்வெட்டு எங்கே என்று விசாரித்துப் போங்கள். பிராகிருதத்தில், பிராமி எழுத்தில் வெட்டியது, கிறிஸ்துவுக்கு முந்தியது, யார் யாருக்கு எந்த இருக்கை என்று பெயரோடு இருக்கிறது, அதில் ஒருவர் கப்பல் தலைவன். உடுப்பு முழங்காலை மூடட்டும், செருப்பைக் கழற்ற வேண்டி வரும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், அது பெரிய பிரச்சினையில் கொண்டுபோய் விடும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அநுராதபுரத்திலிருந்து கொழும்புக்கு. புத்தளம் போய்க் கரையோரமாகச் சிலாபம், நீர்கொழும்பு என்று இறங்கலாம், வழியில் காடு, யானை குறுக்கே வரும், வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள். மற்றது தம்புத்தேகம, கல்கமுவ, பாதெனிய வழியாகக் குருநாகல் போய், 2022இல் திறந்த அதிவேக வீதியில் மீரிகம வரை ஓடுவது. தலைச்சுற்று உள்ள ஆட்கள் இருந்தால் நான் குருநாகல் பக்கத்தைத்தான் சொல்வேன்.

நான்காம் நாள் முழுவதும் கொழும்பு. 1877இல் திறந்த தேசிய நூதனசாலையில் கூட்டம் கண்டி அரசனின் சிம்மாசனத்தைச் சுற்றித்தான் நிற்கும். அது 1693இல் ஒல்லாந்தர் கொடுத்தது, 1815இல் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலத்தையும் காலியில் கிடைத்த மும்மொழிக் கல்லையும் தேடிப் பிடியுங்கள். 1409ஆம் ஆண்டுத் திகதி இட்ட கல், சீனத் தளபதி செங் ஹேயுடன் வந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரத் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகளை எழுதியிருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைத்தான் கண்டெடுத்தார்கள். எழுத்துகள் தேய்ந்துவிட்டன, பக்கவாட்டில் நின்று பாருங்கள், தமிழ் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பின்னேரம் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால நூதனசாலை. ஆனையிறவில் சொன்ன யானைக் கதையைப் பிள்ளைகளுக்கு இங்கே மறுபடி எடுத்துவிடுங்கள், அந்த யானைகளை விற்றுக் காசு பார்த்தவர்களின் தளபாடங்களும் நாணயங்களும்தான் முன்னால் இருக்கும். புறக்கோட்டைக்கு வாகனத்தைக் கொண்டுபோகாதீர்கள், ஓட்டோவில் போவதே வசதி.

திரும்பி வரும்போது ஒரு அரை நாள் மிஞ்சினால் மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதியில் திரும்பி, ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவுக்குப் போங்கள். 1803 ஒக்ரோபர் 31இல் இந்த இடத்தில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் நடுகல் நட்ட இடம் அங்கேதான். வென்றவர் எழுதிய வாசகம், ஆனால் தோற்றவரின் பெயருக்காகத்தான் இன்றைக்கும் ஆட்கள் போகிறார்கள். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் கும்பிட்டு வரலாம். பெற்றோலை மாங்குளத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தலும் வாங்கி வையுங்கள், மழை பெய்திருந்தால் வீதி எப்படி என்று சந்திக் கடையில் கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.